பதில்: பிச்சாவரம் வண்டல் ஆய்வுக்கு எந்தத் துறையை அணுகுவது?

வணக்கம். கடல் உயிரியலில் முதுகலை முடித்துவிட்டு, பிச்சாவரம் அலையாத்திக் காட்டு வண்டலில் வாழும் ஃபோராமினிஃபெரா என்ற ஓடுடைய நுண்ணுயிரிகளை முனைவர் பட்டத்துக்கு ஆராய விரும்புவதாகவும், பேராசிரியர்களின் பக்கங்களில் எல்லாம் "கடலோரச் சூழலியல்" என்றே இருப்பதால் யாரை அணுகுவதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்தச் சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மீன் முட்டை எண்ணுபவரும் அதையே போடுவார், கன உலோகம் அளப்பவரும் அதையே போடுவார். வெள்ளாற்றுக் கரையிலுள்ள பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் களத்துக்கு மிக அருகில் இருப்பதால் உங்கள் கண் அங்கே போனது இயல்புதான். ஆனால் ஃபோராமினிஃபெரா ஒற்றைச் செல் உயிரியாக இருந்தும், அதன் ஓடு வண்டலில் படிந்து தொல்லுயிர்ச் சான்றாக எஞ்சுவதால், நம் நாட்டில் அதைப் பெரும்பாலும் நிலவியல்காரர்களே ஆராய்கிறார்கள். ஆகவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலுள்ள நிலவியல் துறை போன்றவற்றையும் பாருங்கள்.

பேராசிரியரின் கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகளில் செய்முறைப் பகுதியை மட்டும் படியுங்கள். 63 மைக்ரான் சல்லடையில் வண்டலைக் கழுவியதும், உயிருள்ளவற்றைப் பிரித்தறிய ரோஸ் பெங்கால் சாயம் ஊற்றியதும் அங்கே இருந்தால், நீங்கள் தேடுபவர் அவர்தான். அலையாத்திக் காட்டுச் சேற்றின் அமிலத்தன்மையில் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்து, மணல்துகள் ஒட்டிய ஓடுகளே மிஞ்சக்கூடும் என்பதை அவர் எப்படிக் கையாண்டிருக்கிறார் என்றும் கவனியுங்கள். முதல் மின்னஞ்சலில் அதைப் பற்றியே கேளுங்கள். உயிரியல் பட்டத்தோடு நிலவியலில் பதிவு செய்ய விதி இடம் தருகிறதா என்பதை மட்டும் விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.