ஃபிஜிக்குப் போன அயல்நாட்டு நீதிபதிகள்: கேள்வி பதில்

கேள்வி (தஞ்சாவூர்): ஒரு நாட்டின் வழக்கை வேறு நாட்டவர் விசாரிப்பது விசித்திரமாக இல்லையா?

பதில்: பசிபிக் தீவுகளில் அது சகஜம். ஊர் சிறியது, மூத்த வழக்கறிஞர்கள் சிலர்தான், அவர்களுக்கும் வழக்காடுபவர் உறவாகவோ நட்பாகவோ இருப்பார். ஆஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ வருபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் நாட்டிலும் தீவுகளிலும் ஒரே ஆங்கிலப் பொதுச்சட்டம்தான், அதாவது முந்தைய தீர்ப்புகளை வைத்து வளர்ந்த சட்டமுறை. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வருபவர்கள் அமர்வு முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார்கள்.

கேள்வி (சேலம்): ஃபிஜியில் 2006 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த அயல்நாட்டு நீதிபதிகள் என்ன செய்தார்கள்?

பதில்: டிசம்பர் 5 அன்று ராணுவத் தளபதி பைனிமராமா ஆட்சியைப் பிடித்தார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிபதிகள் ஆறு பேர் விலகினார்கள். பதவியிழந்த பிரதமர் கராசே தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2008 அக்டோபரில் ராணுவத் தரப்பை ஆதரித்தது. மேல்முறையீட்டை விசாரித்த பவல், லாயிட், டக்ளஸ் மூவரும் ஆஸ்திரேலியர்கள். 2009 ஏப்ரல் 9, பெரிய வியாழன் அன்று அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டு, ராணுவ அரசு செல்லாது என்றார்கள். இருதரப்பையும் சாராத ஒருவரைக் குடியரசுத் தலைவர் தற்காலிகப் பிரதமராக்கலாம் என வழியும் காட்டினார்கள். மறுநாள் புனித வெள்ளி. குடியரசுத் தலைவர் இலோய்லோ அரசியலமைப்பையே ரத்து செய்தார். நீதிபதிகள் அத்தனை பேரின் பதவியும் அதோடு போயிற்று. தீர்ப்பின் ஆயுள் ஒரே நாள்! அதற்கு மறுநாள் பைனிமராமா மீண்டும் பிரதமர்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பிறகு இலங்கையிலிருந்தும் போனார்களாமே?

பதில்: ஆம், காலியான இடங்களுக்கு அங்கிருந்து ஆளெடுத்தார்கள். அவர்களுடைய விசாவில் தலையிடுவதாகக் குற்றம் சாட்டி, 2009 நவம்பரில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தூதர்களை பைனிமராமா வெளியேற்றினார். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருட்டு வழக்கும் நில வழக்கும் அரசியல் தெளியும்வரை காத்திருக்குமா? ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேனா அரசின் கையில் இருக்கும்போது, அந்த அரசுக்கு எதிரான மனுவை எடுத்துப் பிரிக்கும் நீதிபதியின் விரல் கொஞ்சமாவது தயங்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி (கோவை): பதவி நீக்காமலே ஒரு நீதிபதியை முடக்க முடியுமா?

பதில்: முடியும், விசா போதும். 2014 ஜனவரியில் இன்னொரு பசிபிக் தீவு நாடான நவூருவின் அரசு, ஆஸ்திரேலியரான மாஜிஸ்திரேட் பீட்டர் லாவை நாடு கடத்தியது. அதைத் தடுக்க அப்போது மெல்போர்னில் இருந்த நவூருவின் தலைமை நீதிபதி ஜெஃப்ரி ஈம்ஸ் தடையுத்தரவு போட்டார், யாரும் மதிக்கவில்லை. அடுத்து அவருடைய விசாவே ரத்தானது. தலைமை நீதிபதி என்ற பெயர் மட்டும் இருந்தது, தன் நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை. மார்ச்சில் அவரே விலகிக்கொண்டார்.