பதில்: வாந்தி வரும் அம்மாவுடன் பஸ்ஸில் யானை பார்க்கப் போகலாமா?

வணக்கம் தம்பி. மதுரையிலிருந்து ரெண்டு நாள், கார் கிடையாது, கொண்டை ஊசி வளைவு என்றாலே அம்மாவுக்கு வாந்தி, ஆனால் யானையைக் காட்டில் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தீங்க. கொடைக்கானலை விட்டுருங்க. மேகமலையும் வேண்டாம், சின்னமனூரிலிருந்து ஏறினால் 18 வளைவு.

உங்களுக்குத் தேக்கடிதான் சரி. ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறுங்க. தேனி, கம்பம் தாண்டி லோயர் கேம்ப் வரை சமவெளிதான். மலைப்பாதை கடைசிச் சில கிலோமீட்டர் மட்டுமே. அம்மாவை முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார வைங்க. வலப்பக்கம் கேரள எல்லை மலை, இடப்பக்கம் மேகமலைத் தொடர், நடுவில் திராட்சைத் தோட்டம். பகலில் போனால்தான் இதெல்லாம் கிடைக்கும்.

அன்று குமுளியில் தங்கி, மறுநாள் தேக்கடியில் காலை முதல் படகு பிடிங்க. டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துருங்க. நான் முதல் தடவை மதியப் படகில் போய், நீர்க்காகங்களை மட்டும் பார்த்துத் திரும்பினேன். ஆனால் அந்தக் காட்சியும் மறக்காது: 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் மொட்டைத் தண்டுகள் இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன, அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு காயவைக்கும். நம்ம வைகைக்கு வருவதும் அந்த ஏரித் தண்ணீர்தான்.

மார்ச், ஏப்ரலில் போங்க. ஏரி வற்றும்போது யானை, மிளா, காட்டுமாடு கரைக்கு இறங்கும். அம்மாவுக்குக் காலையில் இட்லி ரெண்டு போதும், வெறும் வயிற்றில் ஏற்றாதீங்க.