இரண்டாயிரம் அடியும் தொண்ணூறடி ரோடும்

கேள்வி: போக்சோ வழக்கில் உள்ளே போன ஒருவர் தண்டனை முடிந்து எங்கள் சாலுக்கே (வரிசை வீட்டுக் குடியிருப்புக்கே) திரும்பி வந்துவிட்டார். எதிரே பால்வாடி. அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களைப் பள்ளிக்கூடம் பக்கமே குடியிருக்க விடமாட்டார்களாமே, இங்கே ஏன் அந்தச் சட்டம் இல்லை?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, தொண்ணூறடி ரோடு, தாராவி

பதில்: உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் பள்ளியிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் குடியிருக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2006-இல் வைத்த அளவு 2,000 அடி. உங்கள் பேட்டையில் ஒரே ஒரு பள்ளியை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் ஏறக்குறையப் பாதி தாராவி உள்ளே போய்விடும். அடுத்த பள்ளிக்கும் வட்டம் போட்டால் மிச்சமும் போகும். சரி, அந்த ஆள் எங்கே போவார்? மயாமியில் அளவு 2,500 அடி. வீடு கிடைக்காதவர்கள் ஜூலியா டட்டில் என்ற கடல் பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டார்கள். 2010-இல்தான் அவர்களை அங்கிருந்து கிளப்பினார்கள். பாலத்தடியில் கிடக்கிறவரைவிட, கதவு எண் இருக்கிறவரைக் கண்காணிப்பது போலீசுக்குச் சுலபம். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமே 2015-இல், சான் டியேகோவில் பரோலில் வந்தவர்கள் எல்லோர்மீதும் ஒரே கோலால் இந்தத் தூரத் தடையைச் சுமத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இங்கே 2018 முதல் பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு ஒன்று இருக்கிறது. போலீஸ் மட்டும்தான் பார்க்கலாம். அதுவும் நல்லதுதான், சால் வாட்ஸ்அப் குரூப்பில் அது வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஆள் தெரிந்தவர்தான் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், குடும்ப நண்பர். எந்த டேப்பை வைத்து இவர்களை அளப்பீர்கள்? "பிள்ளையோட பேர் கெட்டுடும்" என்று நம் ஆட்கள் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கிறார்களே, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் விடுவதே போக்சோ 19, 21 பிரிவுகளின்படி குற்றம்.

ஆனால் இப்படிப்பட்டவர்களைப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேலைக்கு விடக் கூடாது என்பதில் நான் உங்கள் கட்சி. அதற்கு இங்கே சட்டம் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. 2020 போக்சோ விதிகள்படி, பிள்ளைகள் வந்துபோகும் பள்ளி, பால்வாடி, விளையாட்டுப் பயிற்சிக்கூடம் எல்லாவற்றிலும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். சேரும்போது ஒரு தடவை செய்தால் போதாது, அவ்வப்போது செய்ய வேண்டும். நாளைக் காலை அந்த எதிர்ப் பால்வாடிக்குப் போய்க் கேளுங்கள்: டீச்சர் முதல் ஆயா வரை சரிபார்ப்பு ஆயிற்றா, கடைசியாக எப்போது?