ஜெபத்துக்கு வார்த்தை வராதபோது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிறுவயதிலிருந்தே ஜெபிக்கிற பழக்கம் உண்டு. தினமும் காலையில் அரைமணி நேரம் முழங்காலில் நிற்க வேண்டும் என்று தீர்மானம் எடுத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்குள் மனம் அலுவலகத்துக்கும் அடுப்படிக்கும் ஓடிவிடுகிறது. மீதி நேரம் ஒரு பட்டியலை ஒப்பிக்கிறேன்: கணவரை ஆசீர்வதியும், பிள்ளைகளை ஆசீர்வதியும், அம்மாவுக்குச் சுகம் தாரும். அம்மா இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். கேட்டதையே கேட்டுக் கேட்டு எனக்கே நம்பிக்கை தேய்ந்துவிட்டது. சொத்துத் தகராறில் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. இயேசு கற்பித்த பரமண்டல ஜெபத்தில், பிறரை மன்னிக்கிறோம் என்ற வரி வரும்போது வாய் அடைத்துக்கொள்கிறது. "ஆண்டவரோடு சும்மா பேசுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

"சும்மா பேசுங்கள்" என்பது பேச்சு வருகிற நாளுக்கான ஆலோசனை. வராத நாட்களே அதிகம். "எங்களுக்கு ஜெபம்பண்ணப் போதியும்" என்று சீஷரில் ஒருவன் கேட்டபோது, மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்று இயேசு அனுப்பிவிடவில்லை. சொல்வதற்கு ஒரு ஜெபத்தையே, பரமண்டல ஜெபத்தையே, கொடுத்தார் (லூக்கா 11). சிலுவையில் அவருடைய வாயில் வந்ததும் சங்கீதங்கள்தாம்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" 22ஆம் சங்கீதம், "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" 31ஆம் சங்கீதம். ஆகவே முதலில் வேதத்தின் வார்த்தை, அதன்பின் உங்கள் வார்த்தை. உங்கள் கேள்விகளில் பாதிக்கு இந்த வரிசையை மாற்றினாலே வழி பிறக்கும்.

முதலில் அந்த அரைமணித் தீர்மானத்தை விடுங்கள். காலையில் பத்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம் போதும். நீளத்தைவிட வேளை தவறாமைதான் முக்கியம். தானியேல் தினம் மூன்று வேளை ஜெபித்தான். திதகே என்ற ஆதிச்சபையின் ஒழுங்கு நூல் பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. மூன்றையும் சேர்த்தாலும் சில நிமிடங்கள்தாம் ஆகும். ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த பெனடிக்ட்கூட ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும் என்றுதான் எழுதினார். வேளையை ஏற்கெனவே இருக்கிற ஒரு பழக்கத்தோடு முடிந்துவையுங்கள்: முகம் கழுவியதும், கைபேசியைத் தொடுவதற்கு முன். "இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறேன்" என்ற எண்ணத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். ஒரு வேலை இன்னொன்றில் கொண்டுபோய் விட்டு, அன்றைய ஜெபமே போய்விடும் என்று சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1535இல் தம் நாவிதருக்கு எழுதிய கடிதத்தில் எச்சரிக்கிறார்.

முழங்கால் வலித்தால் உட்காருங்கள், அல்லது நில்லுங்கள். "நீங்கள் நின்று ஜெபம்பண்ணும்போது" என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மாற்கு 11:25). ஆனால் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் மட்டும் ஜெபிக்க வேண்டாம். மனம் ஓடுவதற்குப் பெரிய காரணம் அதுதான். பிள்ளைக்காக ஆலயத்தில் ஜெபித்த அன்னாளுக்குச் சத்தம் வெளியே கேட்கவில்லை, ஆனாலும் உதடு அசைந்தது. அந்த அளவு போதும்.

பத்து நிமிடத்தை இப்படி நடத்திப் பாருங்கள். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்" என்ற 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைச் சொல்லுங்கள். பல நூற்றாண்டுகளாகத் துறவிகள் ஜெபவேளையைத் தொடங்கிவருகிற வசனம் இது. பிறகு ஒரு சங்கீதம், நிதானமாக, காதில் விழும்படி. நீளமானதென்றால் பத்து வசனத்தோடு நிறுத்துங்கள். பிறகு பரமண்டல ஜெபம். இங்கேதான் அதிக நேரம் செலவாக வேண்டும். ஒவ்வொரு வரியாகச் சொல்லி நிறுத்தி, அந்த வரிக்குள் இன்றைய நாளை வையுங்கள்.

உதாரணமாக, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று சொல்லி நிறுத்துகிறீர்கள். தொடர்ந்து இப்படி வரலாம்: "பிதாவே, இன்று பதினொரு மணிக்கு மேலதிகாரியைப் பார்க்க வேண்டும். பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லவும், சொல்ல வேண்டியதோடு நிறுத்திக்கொள்ளவும் பலம் தாரும். மாதக் கடைசிவரை கையில் இருப்பது போதும்படி செய்யும்." அவ்வளவுதான், அடுத்த வரிக்குப் போய்விடலாம். வரி "இன்று" என்று சொல்வதால் அடுத்த வருடத்துக் கவலைக்கு இங்கே இடமில்லை. எல்லா வரியிலும் எல்லா நாளும் இப்படி நிற்க வேண்டியதில்லை. ஒரு நாள் ஒரு வரியிலேயே நேரம் போய்விட்டால் மற்றவற்றைச் சொல்லி முடித்துவிடுங்கள். இந்த ஜெபம் தேவனுடைய நாமம், ராஜ்யம், சித்தம் மூன்றையும் கேட்ட பிறகுதான் ஆகாரத்துக்கு வருகிறது என்பதையும் கவனியுங்கள். உங்கள் ஜெபம் பட்டியலாகிப்போனதற்கு ஒரு காரணம், அது நேராக நான்காவது விண்ணப்பத்தில் தொடங்கியதுதான்.

இவ்வளவு செய்தாலும் மனம் ஓடும். ஓடினால் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அந்தத் திட்டலே அடுத்த இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடும். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். "கட்டணம் கட்டவில்லையே" என்று தோன்றினால் ஒரே சொல்லாக எழுதிவிட்டு, விட்ட வரிக்குத் திரும்புங்கள். திரும்பத் திரும்ப ஒரே விஷயத்துக்கு ஓடுகிறதென்றால் அது தொந்தரவில்லை. அதைத்தான் நீங்கள் ஜெபிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பொருந்துகிற வரிக்குள் அதைக் கொண்டுவாருங்கள். நல்ல நாவிதன் சவரக்கத்தியிலும் முடியிலும் கண்ணை வைத்திருப்பான், அரட்டையடித்தால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படி முழு மனதைக் கேட்கிறது என்று அதே கடிதத்தில் லூதர் எழுதினார். கூடவே, ஏதாவது ஒரு வரியில் மனம் அனலாகிவிட்டால் மற்ற வரிகளை விட்டுவிட்டு அங்கேயே நிற்கலாம் என்றும் அனுமதித்தார். இன்னொரு பழக்கமும் கவனத்தைக் கெடுக்கிறது: நான்கு சொல்லுக்கு ஒருமுறை "ஆண்டவரே, ஆண்டவரே" என்று நிரப்புவது. அடுத்த சொல் கிடைக்காதபோது வருவது அது. கிடைக்காவிட்டால் பேசாமல் இருங்கள், பாதகமில்லை.

பட்டியலில் இருப்பவர்களை வாரத்தின் நாட்களுக்குப் பிரித்துவிடுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று பேர். "ஆசீர்வதியும்" என்பதற்குப் பதில் அவருக்கு இந்த வாரம் தேவையான ஒன்றைக் கேளுங்கள். என்ன தேவை என்று தெரியாவிட்டால் அவரிடமே விசாரியுங்கள். அந்த விசாரிப்பும் ஜெபத்தின் வேலைதான். பகலில் "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று இயேசுவின் உவமையில் வரி வசூலிக்கும் ஆயக்காரன் சொன்ன ஒரு வரி போதும். பெர்சிய ராஜாவுக்குப் பதில் சொல்வதற்கு முன், அவருடைய பானபாத்திரக்காரனான நெகேமியாவுக்கும் அந்த அளவு நேரம்தான் இருந்தது. இரவின் ஐந்து நிமிடத்தில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா கற்பித்த வரிசையைப் பின்பற்றலாம்: நன்றி சொல்லி, வெளிச்சம் கேட்டு, நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்த்து, தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்குத் திருத்த வேண்டிய ஒன்றைத் தீர்மானிப்பது. படுத்துக்கொண்டு செய்யாதீர்கள், தூங்கிவிடுவீர்கள்.

அண்ணன் விஷயம். அந்த மன்னிப்பு வரியைத் தாண்டிப் போகாதீர்கள். மத்தேயுவில் ஜெபத்தைக் கொடுத்து முடித்ததும் இயேசு திரும்ப விளக்கிச் சொல்வது அந்த ஒரு வரியை மட்டும்தான் (6:14-15). முழுமனதோடு சொல்ல முடியாவிட்டால் அதையே சொல்லுங்கள்: "இதை இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை, சொல்ல வையும்." பிறகு அண்ணன் பெயரைச் சொல்லி அவருக்கு ஒரே ஒரு நன்மை கேளுங்கள், அவருடைய உடல்நலமோ பிள்ளைகளின் படிப்போ. "அவருக்குப் புத்தி வரட்டும்" என்பது இந்தக் கணக்கில் சேராது. மன்னிப்பதால் உங்கள் பங்கைக் கேட்கும் உரிமை போய்விடாது. பாகப்பிரிவினை அதன் வழியில் நடக்கட்டும். அவர் கெட்டுப்போக வேண்டும் என்ற ஆசையைத்தான் கீழே வைக்கச் சொல்கிறது அந்த வரி.

அம்மாவைப் பற்றி. கேட்டதையே கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிலுவைக்கு முந்திய இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். அவர் வேண்டாம் என்று கேட்ட பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. பவுல் தன் மாம்சத்தில் முள்ளாக இருந்த ஒரு வேதனை நீங்கும்படி மூன்று முறை கேட்டான். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. ஜெபித்தால் கேட்டது நடந்தே தீரும் என்று வேதத்தைக் காட்டி உங்களிடம் யாரும் சொல்ல முடியாது. அம்மா எழும்பாததற்கு உங்கள் ஜெபத்தின் தரம் காரணம் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம்.

நம்பிக்கை தேய்ந்த நாட்களில் 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் நான்கு முறை "எதுவரைக்கும்" என்ற முறையீடு, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. முறையீட்டை முடிக்காமல் நம்பிக்கைக்குத் தாவ வேண்டாம். "எதுவரைக்கும் அம்மாவை இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்று சத்தமாகவே கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். கடைசி இரண்டு வசனம் அன்று வாயில் வராவிட்டால் 88ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அது ஓர் ஆறுதல் வரிகூட இல்லாமல் முடிகிறது. அதுவும் வேதத்தில் ஜெபமாகத்தான் நிற்கிறது.

சுகத்தை மட்டும் கேட்காமல், இன்றைக்குத் தேவையானதையும் சேர்த்துக் கேளுங்கள்: இரவில் வலியில்லாத தூக்கம், புண் வராத முதுகு, உங்களுக்குப் பொறுமை, கைமாற்றிவிட ஒரு ஆள். மருந்தும் மருத்துவரும் அப்படியே தொடரட்டும். இவ்வளவையும் தனியாகச் செய்யாதீர்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிறது யாக்கோபு 5:14. உங்கள் போதகரிடம் நாள் கேட்டு, இரண்டு மூன்று பேரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். நேரத்தைப் பதினைந்து நிமிடம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். படுக்கையில் இருப்பவரால் நீண்ட ஜெபத்தைத் தாங்க முடியாது. என்ன கேட்டு ஜெபிக்க வேண்டும் என்று அம்மாவிடமே முதலில் கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றாக இருக்கலாம். அன்றைக்கு நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை. அவர்கள் ஜெபிக்கட்டும், நீங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆமென் மட்டும் சொல்லுங்கள்.