கையெழுத்துப் போடும் முன்: வேலை, சம்பளம், சட்டம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிறுசேரியில் ஒரு ஐடி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்து நான்கு வருடம் பத்து மாதம் ஆகிறது. போன வாரம் எச்.ஆர். கூப்பிட்டு, "ப்ராஜெக்ட் இல்லை, பர்ஃபாமன்ஸும் சுமார்தான், நீங்களே ரிசைன் பண்ணிட்டா நல்ல ரிலீவிங் லெட்டர் தருவோம், இல்லன்னா டெர்மினேட் பண்ண வேண்டியிருக்கும்" என்றார்கள். இரண்டு நாள் டைம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிக் கொடுத்துவிடலாமா? ஐந்து வருடம் முடியாததால், வேலையை விடும்போது மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டியும் கிடையாதாமே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம் இந்த வாரம் வேண்டாம். இரண்டு நாள் கெடு என்பது அவர்களாக வைத்தது, எந்தச் சட்டத்திலும் இல்லை.

ராஜினாமா கடிதம் கொடுத்த நிமிடமே "தானாக விரும்பிப் போனார்" என்று ஃபைலில் ஏறிவிடும். அதற்கப்புறம் நான் விரும்பிப் போகவில்லை, போகச் சொன்னார்கள் என்று நிரூபிக்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில். அவர்களே அனுப்பினால் கதை வேறு. ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும், அதோடு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு தர வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இது இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. உங்கள் கையாலேயே ஒரு கடிதம் வாங்கிவிட்டால் இந்தச் செலவும் இல்லை, தொழிலாளர் துறைக்குக் காரணம் சொல்லும் வேலையும் இல்லை. நல்ல ரிலீவிங் லெட்டர் என்று அவ்வளவு இனிமையாகப் பேசுவது அதனால்தான்.

"ஐடிக்காரர்களுக்குத் தொழிலாளர் சட்டமெல்லாம் பொருந்தாது" என்று அந்த அறையிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். தவறு. ஐடி ஊழியர்களுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், அவர்கள் சங்கமும் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. விசிட்டிங் கார்டில் என்ன பதவி போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை, நாள் முழுக்க உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. சாஃப்ட்வேர் கோடு எழுதுகிறீர்கள், டெஸ்டிங் பார்க்கிறீர்கள் என்றால் "லீட்" என்று பெயர் இருந்தாலும் வாதாட இடம் உண்டு. ஆள் எடுப்பது, நீக்குவது, லீவு கொடுப்பது எல்லாம் உங்கள் கையில் இருந்தால் நிர்வாகப் பணி என்று சொல்லி வெளியே தள்ள முடியும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: எச்.ஆருக்கு ஒரு மெயில். "இன்ன தேதியில் இன்னார் முன்னிலையில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு அதில் விருப்பமில்லை, தொடர்ந்து வேலை பார்க்கத் தயாராக இருக்கிறேன்." அவ்வளவு போதும், கோபம் வேண்டாம். அதன் நகல் உங்கள் சொந்த மெயிலிலும் இருக்கட்டும். ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், இதுவரை வந்த அப்ரைசல் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கே லாகின் முடக்கப்படலாம். கம்பெனியின் ரகசிய ஃபைல்களையோ வாடிக்கையாளர் தகவலையோ மட்டும் தொடாதீர்கள், அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் காரணத்தை நீங்களே கொடுத்தது போலாகிவிடும். ஒருவேளை இதைப் படிப்பதற்குள் கடிதம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அதை நிறுவனம் ஏற்றுக்கொள்வதற்கு முன் திரும்பப் பெறலாம் என்பது உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொன்ன நிலை. அந்த மெயிலையும் இன்றே அனுப்புங்கள்.

இப்போது கிராஜுவிட்டி. ஐந்து வருடம் என்பதை எல்லாரும் காலண்டரை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். சட்டம் "தொடர்ச்சியான பணி" என்று சொல்கிறது, அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. வாரம் ஆறு நாள் இயங்கும் இடமாக இருந்தால் ஒரு வருடத்தில் 240 நாள், ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடமாக இருந்தால் 190 நாள் வேலை பார்த்திருந்தாலே அது ஒரு வருடமாகக் கருதப்படும். இதை வைத்து மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நான்கு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் கடந்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு என்று தீர்ப்பளித்தது. நீங்கள் நான்கு வருடம் பத்து மாதம், ஐடி என்பதால் வாரம் ஐந்து நாளாகத்தான் இருக்கும். தைரியமாகக் கேளுங்கள். ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு, நீக்கினாலும் உண்டு.

தொகை எவ்வளவு? கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருடம், அதனால் உங்களுக்கு ஐந்து. சம்பளம் என்று எதை எடுப்பது என்பதில்தான் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கின்றன. மொத்தச் சம்பளத்தில் அலவன்ஸ்கள் பாதிக்கு மேல் போனால், அந்தக் கூடுதல் தொகையைச் சம்பளத்தோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அதாவது மாதம் 60,000 வாங்குபவருக்கு பேசிக்கை 24,000 என்று குறைத்துக் காட்டியிருந்தாலும் கணக்குக்கு 30,000. அப்படிப் பார்த்தால் 30,000 × 15 ÷ 26 × 5, சுமார் 86,500 ரூபாய். விட்டுக்கொடுக்கிற தொகையா அது? வேலை முடிந்ததும் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், 30 நாளில் தரவில்லையென்றால் வட்டி ஏறும், அப்புறம் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கென்றே இருக்கும் அதிகாரியிடம் போகலாம்.

கேள்வி: மதுரையில் பெரிய ஜவுளிக் கடையில் சேல்ஸ் வேலை. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தாலும் சூப்பர்வைசர் 100 ரூபாய் ஃபைன் போட்டுச் சம்பளத்தில் பிடிக்கிறார். கால் நரம்பெல்லாம் சுருண்டு போச்சு. கேட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு சகோதரி, மதுரை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துப் போச்சு அம்மா. உட்காருவது நீங்கள் கேட்கும் சலுகை இல்லை, உங்கள் உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே கேரளாவில் ஜவுளிக் கடைப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடி 2018-ல் இதே உரிமையை வாங்கினார்கள்.

ஃபைன் விஷயம் இன்னும் மோசம். முதலாளி நினைத்தபடி அபராதம் போட முடியாது. என்னென்ன தவறுக்கு அபராதம் என்று அரசு ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் போட்டிருக்க வேண்டும், உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், அப்படியும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. உட்கார்ந்ததற்கு அபராதம் என்பது சட்டம் கொடுத்த உரிமைக்கே அபராதம் போடுவது.

தனியாகப் போகாதீர்கள். கூட வேலை பார்ப்பவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, தொழிலாளர் உதவி ஆணையர் அமலாக்கப் பிரிவுக்கு மனு கொடுங்கள். பெயர் வெளியே தெரியக் கூடாது என்றும் மனுவிலேயே கேளுங்கள். வேலையை விட்டு நிறுத்தினால் என்று பயப்படுகிறீர்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்று அதே கடைகள் சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது. மீறினால் மேல்முறையீடு செய்யலாம். சம்பளச் சீட்டு தருவதில்லை என்றால் வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த வரி, அடையாள அட்டை, வருகைப் பதிவின் போட்டோ எல்லாமே ஆதாரம்தான்.

கேள்வி: சம்பளத்தில் மாதாமாதம் பி.எஃப். பிடிக்கிறார்கள். பாஸ்புக்கில் எட்டு மாதமாக ஒன்றும் ஏறவில்லை. என்ன செய்வது?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம், வெறும் நிர்வாகத் தாமதம் இல்லை. பே ஸ்லிப்பையும் பாஸ்புக்கையும் இணைத்து பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர் இணையதளத்தில் புகார் போடுங்கள். முதலாளி "அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிடறேன்" என்று சொன்னாலும் போடுங்கள்.

கேள்வி: மகன் திருச்சியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி ஒரிஜினல்களை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருட பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். இடையில் போனால் மூன்று லட்சமாம். தேதி போடாத செக் ஒன்றும் கேட்கிறார்கள்.
– ஒரு தாய், லால்குடி

பதில்: செக் கொடுக்க வேண்டாம் என்று இப்போதே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சான்றிதழ்களைச் சரிபார்க்கலாம், பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அடகுப் பொருள் மாதிரி வைத்துக்கொள்ள எந்த நிறுவனத்துக்கும் அதிகாரம் இல்லை. "சரிபார்ப்புக்காகக் கொடுத்த இன்னின்ன சான்றிதழ்களைத் திருப்பித் தாருங்கள்" என்று பட்டியலோடு மெயிலும் ஸ்பீட் போஸ்டும் அனுப்பச் சொல்லுங்கள். தர மறுத்தால் வக்கீல் நோட்டீஸ், காவல் நிலையப் புகார் இரண்டும் திறந்திருக்கின்றன.

பாண்ட் விஷயத்தில் ஊரில் ஆளாளுக்கு "அதெல்லாம் செல்லாது" என்பார்கள். நம்பிக் குதித்துவிடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் சரி என்று சொல்லிவிட்டது. ஆனால் அது பொதுத்துறை வங்கி, திறந்த தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவைக் கணக்கில் எடுத்தார்கள். தனியார் கம்பெனி மூன்று லட்சம் கேட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். உண்மையில் என்ன பயிற்சி கொடுத்தீர்கள், எவ்வளவு செலவு என்று அவர்கள் காட்ட வேண்டியிருக்கும். முதல் நாளே வேலையில் உட்கார வைத்துவிட்டு "ட்ரெய்னிங் செலவு" என்று சொல்வது எடுபடுவது கஷ்டம். வேறு கம்பெனியில் சேரவே கூடாது என்று பாண்டில் வரி இருந்தால், 27-வது பிரிவுப்படி அந்த வரி வேலையை விட்ட பிறகு செல்லாது.

கேள்வி: கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன், 14 பேர் வேலை பார்க்கிறார்கள். எல்லாம் வாய் வார்த்தைதான். ஒருவர் மூன்று வாரமாகச் சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை. பெயரை எடுத்துவிட்டுப் புது ஆள் போடலாமா?
– பட்டறை உரிமையாளர், கோவை

பதில்: கேட்டுவிட்டுச் செய்ய நினைக்கிறீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். நேரடியாகப் பெயரை அடிக்காதீர்கள். எட்டு நாளுக்கு மேல் வராதவர் தானாக வேலை இழந்ததாகக் கொள்ளலாம் என்று நிலையாணையிலேயே (நிறுவனத்தின் பணி விதிகள்) எழுதி வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்கு எதிராக, 1993-ல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் நீக்கியது இயற்கை நீதிக்கு எதிரானது என்று சொல்லி, பாதிச் சம்பளப் பாக்கியோடு அவரை வேலையில் சேர்க்கச் சொன்னது. நிலையாணை உள்ள நிறுவனத்துக்கே அப்படி என்றால், வாய் வார்த்தையில் நடக்கும் பட்டறையின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அதனால் முதலில் போன் போடுங்கள், உடம்பு சரியில்லாமல்கூட இருக்கலாம். அப்புறம் வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம்: இன்ன தேதியிலிருந்து வரவில்லை, ஏழு நாளுக்குள் வாருங்கள் அல்லது காரணம் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் இரண்டாவது கடிதம், அதன்பின் விசாரணைத் தேதி குறித்து மூன்றாவது. அதற்கும் வராவிட்டால் அவர் இல்லாமலேயே விசாரணையை முடித்து ஆணை போடலாம். அதுவரை தற்காலிகமாக ஆள் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

மற்ற 13 பேருக்கும் நியமனக் கடிதம் கொடுத்துவிடுங்கள், புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டப்படி அது இப்போது எல்லாருக்கும் கட்டாயம். பத்துப் பேரைத் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டியும் பொருந்தும். பின்னால் ஆள் எண்ணிக்கை எட்டாகக் குறைந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு கட்ட வேண்டும், உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. லேத்தில் ஒரு விரல் போனால் அந்தக் குடும்பத்துக்கும் சரி, உங்களுக்கும் சரி, ஈ.எஸ்.ஐ.தான் துணை. பெண்கள் யாரும் இல்லை என்றாலும் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு பற்றி ஆடிட்டரிடம் கேட்டு வையுங்கள், பத்துப் பேர் இருக்கும் இடத்துக்கு அதுவும் உண்டு. கடிதங்களைத் தமிழிலேயே எழுதுங்கள், கையெழுத்துப் போடுபவருக்குப் புரிகிற மாதிரி. ஒரு நகல் அவர் கையில், ஒரு நகல் உங்கள் ஃபைலில்.