ஜெனரேட்டர் ஓடவில்லை, அலாரமும் அடிக்கவில்லை: யார் மீது வழக்கு?

கேள்வி: நுரையீரல் பாதிப்புள்ள என் அப்பாவுக்கு எங்கள் ஊர் நர்சிங் ஹோமில் பைபாப் (முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் மின்கருவி) வைத்திருந்தார்கள். போன மாதம் ஓர் இரவு கரண்ட் போய், 20 நிமிடம் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. மூச்சுத்திணறல் முற்றி, வேறு மருத்துவமனை ஐ.சி.யு.வில் சேர்த்துக் காப்பாற்றினோம். ‘ஜெனரேட்டர் பேட்டரி இறங்கியது தெரியவில்லை, அலாரம் வரவில்லை, ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்த கம்பெனியைக் கேளுங்கள்’ என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும், நர்சிங் ஹோம் மீதே. நீங்கள் பணம் கட்டியது அவர்களிடம். ஏ.எம்.சி. அவர்களுக்குள் உள்ள ஒப்பந்தம். நஷ்டத்தை அந்த கம்பெனியிடம் அவர்கள் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும். சிகிச்சை தந்த டாக்டரைச் சேர்க்காவிட்டாலும் மருத்துவமனை மீது புகார் நிற்கும் என்று 2004-ல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

‘அலாரம் வரவில்லை’ என்பதுதான் உங்களுக்குப் பெரிய பிடி. ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி திடீரென்று சாவது குறைவு. பெரும்பாலும் சார்ஜர் பழுதாகி நாள்கணக்கில் இறங்கும். அலாரத்துக்கும் அதே பேட்டரியில் இணைப்பு கொடுத்திருந்தால், பேட்டரியோடு அதுவும் ஊமையாகிவிடும். சில இடங்களில் அலாரம் ஒலிக்கும் ஹூட்டர் கொல்லைப்புற ஜெனரேட்டர் அறையிலேயே இருக்கும். நர்ஸ் ஸ்டேஷனில் யாருக்கும் கேட்காது. பராமரிப்புக்கு வந்தவர், ஜெனரேட்டரை இயக்கும் கன்ட்ரோலரைத் தானாக ஸ்டார்ட் ஆகும் ‘ஆட்டோ’வுக்குத் திருப்பாமல் போவதும் உண்டு. வாராவாரம் பேட்டரி வோல்டேஜ் பார்த்து, மாதம் ஒருமுறை லோடு கொடுத்து 30 நிமிடம் ஓட்டியிருந்தால் இவை முன்பே தெரிந்திருக்கும்.

ஆகவே இந்த வாரமே ஒப்புகையுடன் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கடந்த ஓராண்டு ஜெனரேட்டர் லாக் புத்தகம், ஏ.எம்.சி. ஒப்பந்தம், சர்வீஸ் ரிப்போர்ட், பேட்டரி வாங்கிய பில், அன்றைய சிசிடிவி, கன்ட்ரோலரின் நிகழ்வுப் பதிவு ஆகியவற்றை அழிக்கக் கூடாது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஸ்டார்ட் ஆகாமல் நின்ற நேரம் அதில் இருக்கும். புதுப் பதிவுகள் சேரச் சேரப் பழையவை அழியும், கன்ட்ரோலரையே மாற்றினால் எல்லாம் போய்விடும். நோட்டீஸுக்குப் பிறகும் மறைத்தால், பாரதிய சாட்சிய சட்டம் 119-வது பிரிவின்படி அவர்களுக்குப் பாதகமாக அனுமானிக்கும்படி நுகர்வோர் ஆணையத்திடம் கேட்கலாம். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கரண்ட் போன நேரத்தை மின்பகிர்மானக் கழகத்திடம் ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள், கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

அவர்கள் கடைசியில் ‘நோயே முற்றியது’ என்பார்கள். வழக்கு தோற்பது இங்கேதான். அதனால் சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். கரண்ட் போவதற்கு முன்னும் பின்னும் நர்ஸ் குறித்த ஆக்சிஜன் அளவையும், அடுத்த மருத்துவமனையின் அட்மிஷன் குறிப்பையும் பக்கத்தில் வைத்தால் 20 நிமிடத்தில் நடந்தது தெரியும்.

புகாரை நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். எந்த நிலை ஆணையம் என்ற வரம்பும் புகார்க் கட்டணமும் நீங்கள் நர்சிங் ஹோமுக்குக் கட்டிய தொகையை வைத்துத்தான், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல; கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. கெடு, சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டு.