அமெரிக்க ஜெயில் பதிவுகள்: எது இலவசம், எதற்குக் காசு?

அமெரிக்காவில் கைதானவர்களின் விவரத்தை எங்கே, எப்படித் தேடுவது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): என் தங்கை மகன் ஹூஸ்டன் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கிறான். சனிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டுக் கார் ஓட்டினான் என்று போலீஸ் பிடித்துப் போய்விட்டதாம். கூடத் தங்கியிருக்கும் பையன் சொன்னான். அதற்குப் பிறகு ஃபோனே இல்லை. இணையத்தில் தேடினால் முதலில் வரும் தளம் "பதிவு கிடைத்துவிட்டது, முழு அறிக்கைக்கு 29.95 டாலர்" என்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் இலவச ஃபாரத்தைப் பத்து ரூபாய்க்கு விற்பார்களே, அந்த வியாபாரம்தான் இது. அதிலும் இவர்கள் விற்பது பல சமயம் பழைய ஃபாரம். நேற்று ராத்திரி உள்ளே போனவர் பெயர் இந்தத் தளங்களில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அமெரிக்காவில் கைதானவரை முதலில் கொண்டுபோவது பெரும்பாலும் கவுண்டி ஜெயிலுக்கு. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம். ஜெயிலை நடத்துவது அநேக இடங்களில் ஷெரீஃப், அதாவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் அதிகாரி. யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது அங்கே பொதுத் தகவல். ஷெரீஃப் அலுவலகத்தின் இணையப் பக்கத்திலேயே கைதிகள் தேடல் இருக்கும், காசு கிடையாது. சிக்கல் என்னவென்றால், நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் இல்லை. கவுண்டிகள் 3,000க்கும் மேல். ஒவ்வொன்றும் தனித்தனிப் பக்கம்.

ஆகவே எந்தக் கவுண்டி என்பதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். "ஹூஸ்டன்" என்று நாம் பொதுவாகச் சொல்லும் இடத்தில் பெரும்பகுதி ஹாரிஸ் கவுண்டி. ஆனால் நம்மவர்கள் நிறைய இருக்கும் சுகர் லேண்ட், ஃபோர்ட் பெண்ட் கவுண்டி. கேட்டி ஊர் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் கிடக்கிறது. மீனாட்சி கோயில் இருக்கும் பியர்லேண்டில் பெரும்பகுதி பிரசோரியா. பையன் எங்கே குடியிருக்கிறான் என்பது முக்கியமில்லை, கார் எங்கே நிறுத்தப்பட்டது என்பதுதான் முக்கியம். கூடத் தங்கியிருப்பவரிடம் எந்த ரோடு, எந்த ஊர் போலீஸ் என்று கேளுங்கள். தெரியாவிட்டால் சுற்றியுள்ள எல்லாக் கவுண்டிகளிலும் தேடிவிடுங்கள்.

அடுத்தது பெயர். நம் வீடுகளில் பாதித் தேடல் இங்கேதான் தோற்றுப்போகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, பெயர் மட்டும் ஒரே கட்டத்தில் இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யு." என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. டிரைவிங் லைசென்ஸிலும் அதுவே ஏறிவிடுவது உண்டு, ஜெயில் பதிவும் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். எனவே பையன் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் அடித்துப் பாருங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருந்தால் அதை அடியுங்கள். முழுப்பெயரையும் ஒரேயடியாகப் போடாமல் முதல் நாலைந்து எழுத்து மட்டும் போட்டால் பல தளங்கள் ஒத்துவரும் பெயர்களை எல்லாம் காட்டும். பிறந்த தேதியை வைத்து ஆளை உறுதி செய்யலாம்.

இன்னும் வரவில்லை என்றால் பதற வேண்டாம். கைரேகை, படம், உடல்நிலை விசாரிப்பு என்று புக்கிங் முடியவே பல மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகுதான் பெயர் ஏறும். சின்ன ஊர் போலீஸ் என்றால் முதலில் தங்கள் லாக்கப்பில் வைத்திருந்துவிட்டு மறுநாள் கவுண்டிக்கு அனுப்புவதும் உண்டு. ஜெயிலுக்கே ஃபோன் போட்டுக் கேட்கலாம், பதில் சொல்வார்கள். வாரண்ட் இல்லாமல் பிடித்தவர் விஷயத்தில், கைதுக்குக் காரணம் உண்டா என்பதை நீதிபதி பொதுவாக 48 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது.

பெயர் கிடைத்ததும் புக்கிங் எண், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முழு ஜாமீனையும் நீங்களே கட்டினால், அவன் எல்லா வாய்தாவுக்கும் போய்வந்தால், வழக்கு முடிந்ததும் கட்டணம் ஏதும் இருந்தால் அது போக மீதி திரும்பும். கூலி வாங்கிக்கொண்டு ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் பாண்ட் ஏஜென்ட் வழியாகப் போனால் வழக்கமாக ஜாமீன் தொகையில் 10 சதவீதம். அது அவருடைய கூலி, திரும்பாது. ஜாமீன் வரிசையில் "ஐஸ் ஹோல்டு" என்று குடியேற்றத் துறையின் பெயர் இருந்தால் வக்கீலைக் கேட்காமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். ஜாமீன் கட்டியதும் அவனை வெளியே விடாமல் அந்தத் துறையிடம் ஒப்படைத்துவிடலாம்.

இரண்டு விஷயம் பணத்தைவிட முக்கியம். குடித்துவிட்டு ஓட்டிய கைது என்றால், தண்டனை வரும்வரை காத்திராமலேயே விசாவை ரத்து செய்யும் வழக்கம் 2015 முதல் இருக்கிறது. கிரிமினல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலும் வேண்டும். இன்னொன்று, ஜெயில் ஃபோன் பதிவாகும். நலம் விசாரியுங்கள், "எவ்வளவு குடிச்சே?" என்று கேட்டுவிடாதீர்கள். அவன் கேட்டால் ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை. வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை அது. ஆனால் அவன் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

கேள்வி (திருச்சி): மகளுக்கு நியூ ஜெர்சி வரன் வந்திருக்கிறது. பையன் மேல் அமெரிக்காவில் போலீஸ் கேஸ் உண்டா என்று பார்க்க ஒரு தளத்தில் 1 டாலர் கட்டினேன். "கைதுப் பதிவு இருக்கலாம்" என்று வந்தது, மேலும் பார்க்கப் பணம் கேட்டது. அடுத்த மாதம் கார்டில் 30 டாலருக்கு மேல் எடுத்துவிட்டார்கள். வரனை விட்டுவிடலாமா?

பதில்: வரனை விடாதீர்கள், அந்தத் தளத்தை விடுங்கள்.

"இருக்கலாம்" என்ற சொல்லுக்குத்தான் அவர்கள் காசு வாங்குகிறார்கள். ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் என்ற இரண்டு பெரிய தளங்கள் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. வெறும் போக்குவரத்து அபராதச் சீட்டைக்கூட "கிரிமினல் பதிவு" என்று பூச்சாண்டி காட்டிச் சந்தா பிடித்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். போதாததற்கு, செந்தில் குமார் என்ற பெயரில் அமெரிக்காவில் எத்தனை பேர் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். பெயர் ஒத்துப்போனாலே ஒட்டிவிடும் ரகம் இது.

முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள். ரத்தான மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். பிறகும் பணம் எடுத்தால் பேங்கில் அந்தத் தொகையை மறுத்து எழுதிக் கொடுக்கலாம். இந்தியக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை செயலியிலேயே நிறுத்திவிடுங்கள், வேலை சுலபம்.

உண்மையாகத் தெரிய வேண்டுமா? ஜெயில் பட்டியல் இதற்கு உதவாது. பல கவுண்டிகளில் அது இன்றைக்கு உள்ளே இருப்பவர்களை மட்டும் காட்டும், வெளியே வந்ததும் பெயர் போய்விடும். வழக்கு எப்படி முடிந்தது என்பது கோர்ட் பதிவில்தான் இருக்கும். மத்திய கோர்ட்டுகளின் பதிவுக்கு பேசர் என்ற அரசுத் தளம், பக்கத்துக்கு 10 சென்ட். மூன்று மாதக் கணக்கு 30 டாலருக்குள் அடங்கினால் அதையும் கேட்பதில்லை.

என்னைக் கேட்டால், இவ்வளவு ஒளிந்து பார்ப்பதற்குப் பதில் நேராகக் கேட்டுவிடலாம். எஃப்.பி.ஐ.யிடம் ஒருவர் தன் கைரேகையைக் கொடுத்து தன்னைப் பற்றிய பதிவை வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் 18 டாலர். பெயர்க் குழப்பத்துக்கு அதில் இடமில்லை. ஜாதகம் கேட்கிறோம், சம்பளச் சீட்டுக் கேட்கிறோம், இதைக் கேட்பதில் என்ன கூச்சம்? மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது கேட்டால் நீங்களும் கொடுக்கத் தயாராக இருங்கள், அவ்வளவுதான்.

கேள்வி (மதுரை): அண்ணன் அட்லாண்டா பக்கம் கைதானது உண்மை. மறுநாளே ஒருவர் ஃபோன் செய்து, ஷெரீஃப் அலுவலகம் என்றார். காலில் மாட்டும் கண்காணிப்புக் கருவிக்கு 1,800 டாலர் கட்டினால் இன்றே விடுவோம், கிஃப்ட் கார்டாகக் கொடுங்கள் என்றார். புக்கிங் எண், குற்றச்சாட்டு எல்லாம் சரியாகச் சொன்னாரே?

பதில்: சொல்வார். நீங்கள் இலவசமாகப் பார்க்கும் அதே பக்கத்தைத்தான் திருடனும் பார்க்கிறான். கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, பணப் பரிமாற்றச் செயலி என்று எந்த ஷெரீஃபும் ஃபோனில் ஜாமீன் கேட்க மாட்டார். வைத்துவிட்டு, ஷெரீஃப் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். கார்டு வாங்கி எண்ணையும் சொல்லிவிட்டீர்கள் என்றால், அந்தக் கார்டு நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள். சில சமயம் மீதியை முடக்க முடியும்.

கேள்வி (அட்லாண்டா): வீட்டுச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டதில் ஒரு ராத்திரி உள்ளே இருந்தேன். வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் என் பெயரைத் தேடினால் ஜெயிலில் எடுத்த படம்தான் முதலில் வருகிறது. நீக்க 399 டாலர் கேட்கிறார்கள். கட்டித் தொலைத்துவிடலாமா?

பதில்: உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் ஒரு தளத்துக்குக் கட்டினால் இன்னொன்றில் அதே படம் வரும். கட்டுகிற ஆள் என்று தெரிந்துவிட்டால் அவர்களுக்குக் கொண்டாட்டம்.

அங்கே புக்கிங் படம் பல மாநிலங்களில் பொது ஆவணம். அதை அள்ளிப் போட்டு, நீக்கக் காசு கேட்பதே ஒரு தொழிலாக வளர்ந்தது. மக்ஷாட்ஸ் டாட் காம் தளத்தை நடத்தியதாக நான்கு பேர் மீது கலிஃபோர்னியா அரசு 2018இல் மிரட்டிப் பணம் பறித்தல், சட்டவிரோதப் பணப் பரிமாற்றம், அடையாளத் திருட்டு என்று வழக்குப் போட்டது. மூன்று ஆண்டுகளில் 5,703 பேரிடம் 24 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

நல்லவேளையாக நீங்கள் இருப்பது ஜார்ஜியா. உங்கள் மாதிரி தள்ளுபடியான வழக்குகளில், எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் இலவசமாக நீக்க வேண்டும் என்று 2013இல் அங்கே சட்டம் வந்தது. மின்னஞ்சலில் சண்டை போடாதீர்கள். ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: பெயர், பிறந்த தேதி, கைதான தேதி, கைது செய்த அலுவலகம். கோர்ட் கிளர்க்கிடம் தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்கி ஒன்றை இணையுங்கள். கூகுளிலும் தனியாக விண்ணப்பம் இருக்கிறது. நீக்கக் காசு கேட்கும் தளங்களின் பக்கத்தைத் தேடலில் இருந்து எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அதோடு மாநிலப் பதிவையே பொதுப் பார்வையிலிருந்து மறைக்க ஒரு வழி உண்டு, ஜார்ஜியாவில் "ரெக்கார்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்" என்பார்கள். வக்கீலுக்குச் செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள்.

வேலை பற்றிய பயம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதுகாப்பு உண்டு. கம்பெனி வெளி ஏஜென்சி வைத்துப் பின்னணி பார்க்கும்போது உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். அறிக்கையைக் காரணம் காட்டி மறுப்பதற்கு முன் உங்களுக்கு நகல் தர வேண்டும். தப்பு இருந்தால் இலவசமாக ஆட்சேபிக்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைதானதுண்டா" என்ற கேள்விக்குத் தள்ளுபடியான வழக்கிலும் பதில் "ஆம்" தான். மறைத்தால் கைதைவிட அந்தப் பொய்தான் பெரிய வில்லங்கம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எனது தம்பி மெக்சிக்கோ எல்லையால் அமெரிக்காவுக்குள் போனவர். இரண்டு கிழமையாக ஒரு தொடர்பும் இல்லை. எந்தச் சிறையில் என்று பார்த்துச் சொல்ல ஏஜென்சிக்காரர் 1,000 டாலர் கேட்கிறார். கவுண்டிப் பட்டியல்களில் தேடியும் காணவில்லை.

பதில்: அந்த 1,000 டாலரைக் கொடுக்காதீர்கள். எல்லையில் பிடிபட்டவர் பெரும்பாலும் குடியேற்றத் துறையின் காவலில் இருப்பார், கவுண்டிப் பக்கத்தில் பெயர் வராமல் போகலாம். ஐஸ் என்று சொல்லப்படும் அந்தத் துறையே தடுத்து வைக்கப்பட்டவர்களைத் தேட ஓர் இலவசப் பக்கம் வைத்திருக்கிறது. எல்லைக் காவல் துறை பிடித்து வைத்திருந்தால் 48 மணி நேரம் தாண்டிய பிறகுதான் அதில் தெரியும். 18 வயதுக்குக் குறைந்தவர்களை அது காட்டாது.

இரண்டு வழியில் தேடலாம். "ஏ" என்று தொடங்கும் 9 இலக்க எண்ணும் பிறந்த நாடும் ஒன்று. எண்ணில் 8 இலக்கம்தான் இருந்தால் முன்னால் பூச்சியம் சேருங்கள். மற்றது பெயரும் பிறந்த நாடும். பெயர் வழி கொஞ்சம் படுத்தும்; அதிகாரி எழுதிய எழுத்துக்கூட்டல் அப்படியே ஒத்துவர வேண்டும். அப்பா பெயர் முன்னும் பின்னும் மாறியிருக்கலாம், ஆங்கிலத்தில் "TH" வரும் இடத்தில் வெறும் "T" இருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். கடவுச்சீட்டுப் படம் வீட்டில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

"ஏ" எண் கிடைத்ததும், குடியேற்ற நீதிமன்றத்தின் இலவசப் பக்கத்தில் அடுத்த தவணை எப்போது என்று பார்க்கலாம். கட்டணமில்லாமல் வாதாடும் அமைப்புகளின் பட்டியலையும் அந்த நீதிமன்றங்களை நடத்தும் துறை மாநில வாரியாக வெளியிடுகிறது. கனடாவிலோ அமெரிக்காவிலோ உறவினர் இருந்தால் அவரை அந்த அமைப்புகளுடன் கதைக்கச் சொல்லுங்கள். தம்பி இலங்கையில் ஆபத்து என்று சொல்லி அடைக்கலம் கேட்டிருந்தால், அவரையோ வழக்கறிஞரையோ கேட்காமல் இலங்கைத் தூதரகத்துக்கு எழுத வேண்டாம்.